மாடல் ரயில் சரக்குப் பெட்டியின் வண்ணம் அசலோடு பொருந்துகிறதா? அமெரிக்க வேகன்களைச் சரிபார்க்கும் முழு வழிகாட்டி

மஞ்சள் உடம்பு, கறுப்புக் கதவு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ரெயில்பாக்ஸ்'. இப்படி ஒரு 40 அடி பாக்ஸ்கார் (நாற்புறமும் மூடிய சரக்குப் பெட்டி) பழைய ரயில் செட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும். கூரைமேல் நடைபலகையும் இருக்கும். மஞ்சள் சரி, எழுத்து சரி, சின்னமும் சரி. பெட்டிதான் பொய். ரெயில்பாக்ஸ் என்பது 1974-ல் தொடங்கிய பொதுப் பெட்டித் தொகுப்பு. அதற்காகக் கட்டியவை 50 அடி பெட்டிகள். புதுப் பெட்டிகளில் கூரை நடைபலகை வைப்பதோ 1966-லேயே நின்றுவிட்டது. அந்த வண்ணம் அந்த உடம்பின்மேல் ஒருநாளும் ஏறியதில்லை.

மாடல் பெட்டிகளில் வரும் பெரும்பாலான பிழைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. "இந்த ரயில் கம்பெனி இப்படி வண்ணம் அடித்ததா?" என்ற கேள்வியில் அநேக மாடல்கள் தேறிவிடும். "இந்த உடம்பில், இந்த எண்ணோடு, என் மாடல் ரயில்பாதை காட்டும் ஆண்டில், இப்படி இருந்ததா?" என்று கேட்டால் பாதியில் விழுந்துவிடும். உடம்பு வேறு, வண்ணம் வேறு என்று ஒட்டவைத்த இந்த மாடல்களை அமெரிக்க மாடலர்கள் 'ஃபூபி' என்பார்கள். ஓர் அச்சு வார்த்து முப்பது கம்பெனிகளின் பெயரை அதன்மேல் அடித்து விற்பது தயாரிப்பாளருக்கு லாபம். தவறென்று சொல்ல முடியாது, அதைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் வேலை.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். பலரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். பழுப்புச் சிவப்பு ஒரு சாயல் கூடிவிட்டது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்தப் பெட்டியின் கதவே ஓரடி அகலம் தப்பாக இருக்கும். ஆண்டு, அடையாள எழுத்து, எண், உடம்பு, சின்னம், பொடி எழுத்து, அடிப்பாகம், நிறம் என்ற வரிசையில் போனால் வீண் வேலை குறையும்.

தேவையானவை

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு காட்டும் காலிபர், 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், நல்ல வெள்ளை விளக்கு. இவற்றோடு இரண்டு ஆதாரங்கள் வேண்டும். ஒன்று, அந்தப் பெட்டித் தொடரின் தேதி தெரிந்த புகைப்படங்கள். மற்றொன்று, உங்கள் ஆண்டுக்கு அருகிலுள்ள 'அஃபிஷியல் ரெயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்'. எந்தக் கம்பெனியிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை எத்தனை பெட்டிகள், உள்நீளம் எவ்வளவு, உள்ளுயரம் எவ்வளவு, கதவு அகலம் எவ்வளவு என்று தொடர் தொடராகப் பட்டியலிடும் பதிவேடு அது. பழைய ஆண்டுகளின் பதிப்புகள் மறுபதிப்பாகவும் ஸ்கேனாகவும் கிடைக்கின்றன.

கணக்குக்கு ஒரே எண் போதும். எச்ஓ அளவில் (1:87.1) ஓர் அங்குலம் 0.29 மி.மீ.; என் அளவில் (1:160) 0.16 மி.மீ.

படி 1: ஆண்டை முடிவு செய்யுங்கள்

"ஐம்பதுகள்" என்று சொன்னால் போதாது. 1953-க்கும் 1958-க்கும் நடுவில் பெட்டிகளின் தோற்றம் நிறைய மாறியது. ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டால் பல பெட்டிகளை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம். எப்போதும் உதவும் சில எல்லைக்கோடுகள்:

- 1937: சரக்கு அனுப்புவோரின் விளம்பரம் தாங்கிய குளிர்பெட்டிகள் மறையத் தொடங்கிய ஆண்டு. மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் 1934-ல் இவற்றுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1937-லிருந்து அத்தகைய பெட்டிகளைப் பிற கம்பெனிகள் ஏற்கவில்லை. உரிமையாளர் பெயரோ குத்தகைக்கு எடுத்தவர் பெயரோ இருப்பது வேறு விஷயம், அது தொடர்ந்தது. ஊறுகாய்க்கும் பீருக்கும் பெரிய வண்ண விளம்பரம் தாங்கிய மரப் பெட்டி டீசல் எஞ்சின் பின்னால் ஓடினால் அது பொம்மைக் கடை வழக்கம்.
- 1940: ஆர்ச்பார் என்ற பழைய வகைப் போகிகள் (போகி என்பது இங்கே பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கம்பெனிகளுக்கிடையேயான போக்குவரத்திலிருந்து விலக்கப்பட்டன.
- 1966: புதுப் பெட்டிகளில் கூரை நடைபலகை நின்றது. பழைய பெட்டிகளிலிருந்து கழற்றி முடிக்க மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.
- 1967: பக்கவாட்டில் வண்ணப் பட்டைகள் கொண்ட ஏசிஐ (தானியங்கிப் பெட்டி அடையாளம்) அட்டை. 1970-க்குள் எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டவேண்டும் என்றிருந்தது. 1977-ல் திட்டமே கைவிடப்பட்டது.
- 1970களின் தொடக்கம்: வெள்ளைக் கோடிட்ட கறுப்புக் கட்டத்துக்குள் பராமரிப்பு விவரம்.
- 1978: கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் வட்டம். உடையும் ஆபத்துள்ள யு-1 வகைச் சக்கரம் இல்லை என்று சோதித்து வைத்த அடையாளம். அந்தச் சக்கரம் இருந்தால் வட்டம் வெள்ளை.
- 2005: ஒளி திருப்பும் மஞ்சள் அல்லது வெள்ளைப் பட்டைகள் கட்டாயம் என்ற விதி. படிப்படியாக ஒட்டி முடிக்க 2015 வரை அவகாசம்.

கம்பெனி இணைப்புகளும் எல்லைக்கோடுகளே. பென் சென்ட்ரல் 1968 பிப்ரவரி 1, பர்லிங்டன் நார்தர்ன் 1970 மார்ச், கான்ரெயில் 1976 ஏப்ரல் 1. 1967-ஐ மாடலில் ஓட்டுபவரிடம் பென் சென்ட்ரல் பச்சைப் பெட்டி இருக்க வழியே இல்லை. மறுதிசையில் அப்படிச் சொல்ல முடியாது. இணைப்புக்குப் பிறகும் பழைய கம்பெனியின் பெட்டிகள் பழைய வண்ணத்திலேயே பத்து, இருபது ஆண்டுகள் ஓடும். வண்ணம் அடிக்கப் பணம் வேண்டுமே.

படி 2: அடையாள எழுத்து

பக்கவாட்டின் இடப்புறம், எண்ணுக்கு மேலே அல்லது அதே வரியில் இருக்கும் இரண்டு முதல் நான்கு எழுத்துகள்தான் பெட்டியின் உரிமைக்குச் சாட்சி. பக்கத்தில் எவ்வளவு பெரிய பெயர் எழுதியிருந்தாலும் கணக்கில் வருவது இந்த எழுத்துகளே. எக்ஸ் எழுத்தில் முடிந்தால் உரிமையாளர் ரயில் கம்பெனி அல்ல. யுடிஎல்எக்ஸ், ஜிஏடிஎக்ஸ் எல்லாம் டேங்க் கார் உரிமையாளர்கள். சிஎஸ்எக்ஸ் ரயில் கம்பெனியின் பெட்டிகளில் 'சிஎஸ்எக்ஸ்டி' என்று கூடுதலாக ஒரு டி இருப்பதற்கும் இந்த விதிதான் காரணம். அந்த டி இல்லாத மாடல் இருந்தால் அச்சிட்டவருக்கு விதி தெரியவில்லை என்று அர்த்தம். மற்ற எழுத்துகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

படி 3: எண் எந்தத் தொடரில் விழுகிறது

இங்கேதான் உண்மை வெளிவரும். பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து எண் எந்தத் தொடரில் வருகிறது என்று பாருங்கள். மூன்று விடைகள் வரலாம்.

எண்ணே இல்லை. கற்பனை எண், அல்லது உங்கள் ஆண்டில் அந்தத் தொடர் இன்னும் கட்டப்படவில்லை, அல்லது ஏற்கெனவே உடைத்துவிட்டார்கள்.

எண் இருக்கிறது, ஆனால் அது வேறு வகைப் பெட்டி. பாக்ஸ்காரில் கோண்டோலாவின் (கூரையில்லாத திறந்த பெட்டியின்) எண். மலிவான மாடல்களில் இது சகஜம்.

எண்ணும் வகையும் பொருந்துகின்றன. அப்படியானால் அந்த வரியிலுள்ள உள்நீளம், உள்ளுயரம், கதவு அகலம் மூன்றையும் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். வரியின் கடைசியில் உள்ள எண்ணிக்கையையும் விடாதீர்கள். 5,000 பெட்டிகள் கொண்ட தொடரில் ஒன்று எந்த ஊர் யார்டிலும் வந்து நிற்கலாம். 10 பெட்டிகள் கொண்ட தொடரில் ஒன்று உங்கள் கிளைப்பாதையில் தினமும் வந்தால் நம்புவது கடினம்.

படி 4: உடம்பு

காலிபரை எடுங்கள். 40 அடி 6 அங்குல உள்நீளம் எச்ஓவில் 141.7 மி.மீ. மாடலில் வெளிநீளம்தான் அளக்க வரும், சுவர்த் தடிமனுக்காக ஓரிரு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில்தான் அதிகம் ஏமாறுவோம். 1937-ல் தரப்படுத்திய பாக்ஸ்காரின் உள்ளுயரம் 10 அடி. போர்க்காலத்துக்குப் பின் 10 அடி 6 அங்குலம் வழக்கமானது. வித்தியாசம் எச்ஓவில் வெறும் 1.75 மி.மீ. தனியாக வைத்தால் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் உடனே தெரியும்.

கதவு: 6 அடி என்றால் 21 மி.மீ., 7 அடி என்றால் 24.5 மி.மீ., 8 அடி என்றால் 28 மி.மீ. இதை முதலில் அளப்பது நல்லது. பத்து விநாடி வேலை. தவறான உடம்பைப் பாதி நேரம் இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு முனைச்சுவர், கூரை, பக்கத்தகடு. முனைச்சுவரிலுள்ள வரிப்புடைப்புகள் எத்தனை, எந்த வடிவம் என்று புகைப்படத்தோடு எண்ணுங்கள். பக்கத்தகடு தறையாணி அடித்ததா, பற்றவைத்ததா என்று பாருங்கள். புல்மேன்-ஸ்டாண்டர்ட் 1947-லிருந்து கட்டிய பிஎஸ்-1 பெரும்பாலும் பற்றவைத்த பக்கங்கள் கொண்டது. அதன் கூரைத் தகட்டில் வில் முடிச்சு போன்ற புடைப்பு இருக்கும். முனைச்சுவரின் அமைப்பும் அதற்கே உரியது. பிஎஸ்-1 உடம்பின்மேல் 1941-ல் கட்டியதாக எழுத்து இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

எல்லா வித்தியாசமும் ஒரே எடை அல்ல. கதவு வகை மாறியிருந்தால் மாற்றுக் கதவு கிடைக்கும். பிரேக் சக்கரம் மாறியிருந்தால் பத்து நிமிட வேலை. உயரமும் முனைச்சுவரும் தவறினால் அந்த உடம்பை விட்டுவிட வேண்டியதுதான்.

படி 5: சின்னமும் வண்ணத்திட்டமும்

ஒவ்வொரு பெரிய கம்பெனிக்கும் வண்ணத்திட்டத்தில் தலைமுறைகள் உண்டு. பென்சில்வேனியா ரயில் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சின்னம் கீஸ்டோன், அதாவது வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்புக் கல்லின் வடிவம். 1954-க்கு முன் வட்டத்துக்குள் கீஸ்டோன். 1954-லிருந்து நிழல் விழும் பெரிய கீஸ்டோன். 1961-லிருந்து நிழலில்லாத வெறும் கீஸ்டோன். நியூயார்க் சென்ட்ரலின் சிவப்பும் சாம்பலும் கலந்த 'பேஸ்மேக்கர்' 1946-ல் வந்தது. பச்சைப் பெட்டிகள் ஐம்பதுகளின் இறுதியில். கிரேட் நார்தர்னின் 'பிக் ஸ்கை புளூ' 1967.

இந்த ஆண்டுகள் எல்லாம் தொடக்கம் மட்டுமே. புதுத் திட்டம் அறிவித்த அன்று பழைய பெட்டிகளை யாரும் திருப்பி அழைத்து வண்ணம் அடிக்கவில்லை. புதுப் பெட்டிகளும் பெரிய பழுதுக்காகச் சொந்தப் பட்டறைக்கு வந்தவையும் மட்டுமே புது வண்ணம் பெற்றன. ஆகவே 1957-ல் ஓடிய பென்சில்வேனியா பெட்டிகளில் பெரும்பகுதி இன்னும் வட்டக் கீஸ்டோன்தான். உங்களிடம் உள்ள பத்துப் பெட்டிகளும் நிழல் கீஸ்டோனாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே சரி, கூட்டமாகத் தவறு. இதைப் பலர் கவனிப்பதில்லை. தயாரிப்பாளர்கள் கண்ணைப் பறிக்கும் திட்டங்களை அதிகமாக வெளியிடுவதும் ஒரு காரணம்.

இரண்டு பக்கத்தையும் பாருங்கள். சான்டா ஃபே 1940-லிருந்து 1947 வரை ஒரு பக்கத்தில் வரைபடமும் மறுபக்கத்தில் 'சூப்பர் சீஃப்', 'எல் கேபிடன்', 'கிராண்ட் கேன்யன் லைன்' போன்ற வாசகமும் எழுதியது. இருபுறமும் வரைபடம் அச்சிட்ட மாடல் ஒரே புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது. பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸின் ஆரஞ்சுக் குளிர்பெட்டிகளிலும் நாற்பதுகளின் நடுப்பகுதி வரை ஒரு பக்கம் ஒரு தாய்க் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் மற்றொன்றின் சின்னம். பிறகுதான் இரு சின்னங்களும் இரு பக்கமும் சேர்ந்து வந்தன. ஒரு பக்கத்துப் புகைப்படம் அந்தப் பக்கத்துக்கு மட்டுமே சாட்சி.

படி 6: பொடி எழுத்து

லென்ஸ் இப்போதுதான் வேலைக்கு வரும். கண்ணுக்கு வெறும் வெள்ளைத் தூசியாகத் தெரிவதில் பெட்டியின் முழு ஜாதகமும் இருக்கிறது.

இடப்புறம், எண்ணுக்குக் கீழே மூன்று வரிகள்: கொள்ளளவு, சுமை வரம்பு, வெற்று எடை. எல்லாம் பவுண்டில். கடைசி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 50 டன் சரக்கு ஏற்றும் பெட்டியில் கூட்டுத்தொகை 169,000 வரவேண்டும்; இது அச்சும் போகியும் தாங்கும் மொத்த எடை. உதாரணமாக வெற்று எடை 45,600 என்றால் சுமை வரம்பு 123,400. 70 டன் பெட்டிக்கு 210,000. அறுபதுகளின் தொடக்கத்தில் இந்த வரம்புகள் உயர்ந்தன: 50 டன்னுக்கு 177,000, 70 டன்னுக்கு 220,000, 100 டன்னுக்கு 263,000. ஆக, 1955-ஐக் காட்டும் லேஅவுட்டில் (மாடல் ரயில்பாதை அமைப்பில்) ஓடும் 50 டன் பெட்டியின் கூட்டுத்தொகை 177,000 வந்தால் எழுத்து பிற்காலத்தது. 1970 லேஅவுட்டில் 169,000 வந்தால் அந்தப் பெட்டி எடைபோட்டு வெகுகாலம் ஆனதாக இருக்கவேண்டும். கூட்டுத்தொகை குறைந்து, சுமை வரம்பின் இடப்பக்கம் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் பதற வேண்டாம். உடம்பின் பலவீனத்தால் வரம்பு குறைக்கப்பட்ட பெட்டி அது.

வெற்று எடைக்குப் பக்கத்தில் எடைபோட்ட இடத்தின் குறியும் மாதமும் ஆண்டும் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே என்றால் 'நியூ' என்று போட்டிருக்கும். வலப்புறத்தில் பெட்டி கட்டிய மாதமும் ஆண்டும் தனியே இருக்கும். வண்ணம் எத்தனை முறை மாறினாலும் கட்டிய தேதி மாறாது. எடைத் தேதி மாறிக்கொண்டே போகும். மாடல்களில் வரும் மிக அழகான முரண்பாடு இங்கேதான் நடக்கும். கட்டியது 1948, எடைக்குப் பக்கத்தில் 'நியூ 6-48', பக்கத்தில் 1961-ன் வெறும் கீஸ்டோன். 1948-ல் புதிதாக வந்தபோதே பதின்மூன்று ஆண்டு கழித்து வரப்போகும் வண்ணம்! அச்சிட்டவர் பழைய திட்டத்தின் தரவெழுத்தை அப்படியே நகலெடுத்திருக்கிறார்.

புகைப்படத்துக்கும் இதே தந்திரம் உதவும். படத்தின் தலைப்பு 1952 என்கிறது, பெட்டியில் எடைத் தேதி 1955 என்றிருந்தால் தலைப்புதான் தவறு. பெட்டியில் தெரியும் கடைசித் தேதிக்கு முன் அந்தப் படம் எடுத்திருக்க முடியாது. ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் அச்சான மாதத்தை நம்பும்போதும் கவனம்; அது கழுவிய மாதம், எடுத்த மாதம் அல்ல.

டேங்க் காரில் வேறொரு சோதனை. தொட்டியின் தர வகைக்கு முன்னால் 'ஐசிசி' என்று இருந்தால் அது வணிக ஆணையத்தின் காலம். 'டாட்' என்று இருந்தால் போக்குவரத்துத் துறை பொறுப்பேற்ற 1967-க்குப் பிந்தியது. ஐம்பதுகளின் டேங்க் காரில் 'டாட்' இருந்தால் அந்தச் சிறு எழுத்தை மட்டும் மாற்றினாலும் போதும்.

எழுத்தின் உயரத்தையும் அளக்கலாம். 9 அங்குல எழுத்து எச்ஓவில் 2.6 மி.மீ., 7 அங்குலம் 2 மி.மீ., 4 அங்குலம் 1.2 மி.மீ., 3 அங்குலம் 0.9 மி.மீ. பழைய மாடல்களில் பொடி எழுத்தை அச்சிட முடியாமல் பெரிதாக்கியிருப்பார்கள், அல்லது பல வரிகளை விட்டிருப்பார்கள். ஏசிஐ அட்டை, கறுப்புக் கட்டம், மஞ்சள் வட்டம் மூன்றும் உங்கள் ஆண்டோடு பொருந்துகின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 1972-ஐ ஓட்டுபவர் ஏசிஐ அட்டை இல்லாத பெட்டிகளாக வைத்திருப்பதும் பிழைதான். அதை யாரும் பிழையென்று எண்ணுவதில்லை.

படி 7: கூரை, அடிப்பாகம், போகி

மாடல்களில் கூரை பெரும்பாலும் உடம்பின் நிறத்திலேயே வரும். அசலில் சில கம்பெனிகள் கறுப்புத் தார்ப்பூச்சு பூசின. சில பெட்டிகளில் துத்தநாகம் பூசிய தகடு வெறுமையாகவே நின்றது. சிலவற்றில் அந்தத் தகட்டின்மேல் அடித்த வண்ணம் செதில் செதிலாக உரிந்து உலோகம் வெளியே தெரிந்தது. நம் கண் லேஅவுட்டை மேலிருந்துதான் பார்க்கிறது, ஆகவே கூரைக்கு நேரம் செலவிடுவது வீணல்ல.

சக்கரத்துக்கு வண்ணம் அடிப்பதில்லை. விரிசல் வந்தால் மறைந்துவிடும் என்பதால். பழைய எண்ணெய்ப் பெட்டித் தாங்கிகள் கொண்ட போகிகளில் எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகத்தில் தூசியோடு சேர்ந்து கறுத்த பிசுக்காகப் படியும். உருளைத் தாங்கிகள் வந்தபின் அந்தக் கசிவு இல்லை. சக்கரம் துருவின் பழுப்பில் இருக்கும். 1950 பெட்டியில் துருப்பிடித்த சக்கரமும், 1990 பெட்டியில் பிசுக்குச் சக்கரமும் தலைகீழ். விட்டமும் பாருங்கள்: 50, 70 டன் பெட்டிக்கு 33 அங்குலம், எச்ஓவில் 9.6 மி.மீ.; 100 டன்னுக்கு 36 அங்குலம், 10.5 மி.மீ.

படி 8: நிறம்

இனி நிறம். சரக்குப் பெட்டிகளின் பழுப்புச் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வந்தது. மலிவு, வெயில் தாங்கும், துருவும் அழுக்கும் மறையும். இத்தனை கம்பெனிகள் அதையே அடித்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம். ஆனால் ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது, சாக்லேட் பக்கம் சாய்ந்தது என்று ஒவ்வொரு கம்பெனியின் கலவையும் வேறு. ஒரே கம்பெனியிலும் பட்டறைக்குப் பட்டறை, ஆண்டுக்கு ஆண்டு மாறியது.

ஒரே ஒரு வண்ணப் படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சில வகைப் பழைய ஃபிலிம் காலப்போக்கில் சிவந்துவிடும். கோடாக்ரோம் நன்றாக நிற்கும். மாலை வெயிலில் எடுத்த படத்தில் எல்லாமே ஆரஞ்சு. கணினித் திரையில் பார்த்து வண்ணம் கலப்பது அதைவிட மோசம். கம்பெனியின் வண்ணச் சில்லு கிடைத்தால், அதை உங்கள் லேஅவுட் விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். அப்போதும் மாடலில் அதே நிறத்தை அடித்தால் கொஞ்சம் இருண்டு தெரியும். 10 முதல் 15 சதவீதம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்தால் சிறிய பரப்பில் கண்ணுக்குச் சரியாக இருக்கும். அடையாள எழுத்தும் எண்ணும் சரியாக உள்ள பெட்டியில், நிறம் ஒரு சாயல் தள்ளியிருந்தால் அழுக்கேற்றிச் சமாளித்துவிடலாம். மறுபடி வண்ணம் அடிக்கத் தேவையில்லை.

படி 9: திருத்துதல்

உடம்பு சரி, திட்டம் சரி, எண் மட்டும் தவறு என்றால் சிரமமில்லை. எண்ணின் அளவுக்கு ஒரு சிறு மெல்லிய காகிதத் துண்டை வெட்டி எண்ணின்மேல் வைத்து, டெக்கலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்செழுத்துப் படலத்தை) இளக்கும் திரவத்தால் நனையுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து எடுத்து, பல்குச்சி முனையாலோ மென்மையான ரப்பராலோ தேயுங்கள். ஒரே அழுத்தில் எடுக்க நினைத்தால் அடியிலுள்ள வண்ணமும் சேர்ந்து வந்து பிளாஸ்டிக் பளபளக்கும். இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள். முதலில் பெட்டியின் அடியில் சோதித்துப் பார்ப்பது கட்டாயம். ஒவ்வொரு தயாரிப்பாளரின் மையும் ஒவ்வொரு மாதிரி.

ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றினால் புது டெக்கலின் வெள்ளையும் பழைய அச்சின் வெள்ளையும் ஒத்துப்போகாது. முழு எண்ணையும் மாற்றிவிடுங்கள். எழுத்துருவும் அதே கம்பெனியின் டெக்கல் தொகுப்பிலிருந்து வரவேண்டும். வேறு கம்பெனியின் 3 இங்கே வந்து உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

ஒட்டும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் அடித்து 24 மணி நேரம் காயவிடுங்கள். எழுத்தை ஒட்டி நெருக்கமாக வெட்டி, தண்ணீரில் 10–15 விநாடி, பிறகு துணிமேல் ஒரு நிமிடம். இடத்தில் நகர்த்தி வைத்ததும் இளக்கும் திரவம். டெக்கல் சுருங்கும், தொடாதீர்கள். தானாக மீண்டும் படிந்துவிடும், தொட்டால் கிழியும். காய்ந்தபின் ஓரத்தில் வெள்ளிபோல் மின்னினால் அடியில் காற்று நிற்கிறது என்று பொருள். கரடுமுரடான மங்கல் பரப்பில் ஒட்டியதன் விளைவு. ஊசி முனையால் குத்தி மீண்டும் திரவம் விடுங்கள். கடைசியில் ஈரத்துணியால் பசையைத் துடைத்து மங்கல் வார்னிஷ். பசையைத் துடைக்காமல் அடித்தால் ஆறு மாதத்தில் மஞ்சள் கறை எழும்.

'நியூ' என்ற முரண்பாட்டைத் தீர்ப்பது இதைவிடச் சுலபம், பெட்டியும் உயிர்பெறும். எடை வரியின்மேல் சுமார் 2 மி.மீ. உயரம், 10–12 மி.மீ. அகலத்தில், உடம்பு நிறத்தைவிடச் சற்று ஆழமான வண்ணத்தில் ஒரு நீள்சதுரத் திட்டு. அதன்மேல் புது எடை, புதுச் சுமை வரம்பு, பட்டறைக் குறி, உங்கள் லேஅவுட் ஆண்டுக்கு ஓரிரண்டு ஆண்டு முந்தைய தேதி. கூட்டுத்தொகையை மறக்காதீர்கள். அசலில் வேறு கம்பெனியின் பட்டறை இதையெல்லாம் எழுதும், ஆனால் பெட்டியின் மற்ற பகுதிக்கு ஒரு சொட்டு வண்ணம்கூடச் செலவழிக்காது. ஆகவே வெளுத்த பெட்டியில் அந்தத் திட்டு மட்டும் புதிதாகத் தெரியும். மாடலில் அழுக்கேற்றும் வேலையை முதலில் முடித்து, இந்தத் திட்டைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அதுதான்.

2005-க்குப் பிந்தைய பெட்டியில் ஒளிப்பட்டைகள் இல்லையென்றால் 4 அங்குலத்துக்கு 18 அங்குலப் பட்டை எச்ஓவில் 1.2-க்கு 5.2 மி.மீ. வரும், பட்டைகளுக்கிடையே 42 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடவேண்டாம், அது அசலின் 12 அடி. பட்டை எடைத் திட்டின்மேலோ எண்ணின்மேலோ விழாமல், அடிச்சட்டத்தையொட்டி ஒட்டுங்கள்.